மீட்டர் 21,870 என்றது: ஒரு செகண்ட்ஸ் பல்சரின் நிகழ்வு ஆய்வு

வண்டி 2018 ஆகஸ்டில் புதுச்சேரியில் பதிவான பஜாஜ் பல்சர் 150. பி.எஸ்.-4 கார்புரேட்டர் மாடல், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏ.பி.எஸ். கிடையாது. பி.ஒய்.-01 நம்பர், கறுப்பு நிறம். மீட்டரில் 21,870 கி.மீ. கேட்ட விலை 54,000 ரூபாய். பார்த்தது 2025 செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, தவளக்குப்பத்தில். வாங்க வந்தவர் நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். போக வர 40 கி.மீ. சொச்சம், மாதத்தில் பாதி நாள் இரவுப் பயணம். அவருக்கு வேண்டியது வழியில் நிற்காத வண்டி. பளபளப்பு இரண்டாம்பட்சம்.

விற்பவர் சொன்னது மூன்றே வாக்கியம். "சிங்கிள் ஓனர் வண்டி. ஓடவே இல்ல தம்பி, மீட்டரப் பாருங்க. ஒரு ரூபா செலவு கிடையாது, சாவியப் போட்டு ஓட்டிக்கிட்டே போலாம்."

ஒரு பைக்கில் ஓடிய கிலோமீட்டரைச் சொல்லும் இடங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றில் மாற்றுவதற்கு மிகச் சுலபமானது மீட்டர்தான். டயர், டிஸ்க், ஸ்பிராக்கெட், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லீவர், சீட் எல்லாம் ஒரே வயதைச் சொன்னால் அது நம்பத்தக்க வண்டி, மீட்டர் 60,000 காட்டினாலும் சரி. ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் 10,000 காட்டினாலும் கை வைக்கக் கூடாது. கடலூர், புதுச்சேரிக் கரையில் இதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இருக்கட்டும், எத்தனை நாள் தண்ணீரில் நின்றது?

போனிலேயே முடிந்த வேலை

நேரில் போவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்கப்பட்டது. ஒன்று, ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டின் படம். இரண்டு, "நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க." சூடான எஞ்சின் பாதி நோயை மறைத்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும் பத்து நிமிடம் கழித்து வராது.

ஆர்.சி.யில் ஓனர் பெயர் வேறு, பேசியவர் பெயர் வேறு. "சிங்கிள் ஓனர்" காகிதத்தில் சரி. நடப்பில், முதல் ஓனரிடம் வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலே விற்கிறார், பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் கையில் இருக்கின்றன. புரோக்கர்கள் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் நஷ்டஈட்டு வழக்கு அந்தப் பெயரைத் தேடித்தான் போகும். அதோடு அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் பெயர் மாற்றத்துக்கு ஓ.டி.பி. பதிவு பெற்ற ஓனரின் போனுக்குப் போகும். அவர் ஒத்துழைக்காவிட்டால் வெற்றுக் கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆர்.சி. முகவரி ரெயின்போ நகர் பக்கம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், பலத்த மழை என்றால் முதலில் தண்ணீர் கட்டும் பகுதிகளில் அதுவும் ஒன்று. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. அந்த வாரத்தில் நனைந்த இருசக்கர வண்டிகள் கழுவி, பாலிஷ் போட்டு, இன்றைக்கும் இரண்டு ஊர்ச் சந்தையிலும் சுற்றுகின்றன. முகவரியை மட்டும் வைத்து ஒரு வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது, மாடியில் நிறுத்தியிருக்கலாம், ஓனர் அன்றைக்கு வெளியூரில் இருந்திருக்கலாம். எதைத் தேட வேண்டும் என்று மட்டும் முகவரி சொன்னது.

அடுத்த தடயம் இன்சூரன்ஸில். பாலிசி 2025 ஆகஸ்டில் புதுப்பித்தது, ஓன் டேமேஜ் (சொந்த வண்டிக்கு ஆகும் சேதம்) சேர்த்த முழுப் பாலிசி, பழைய ஓனர் பெயரிலேயே. நோ கிளெய்ம் போனஸ் கட்டத்தில் 0 சதவீதம். முந்தைய ஆண்டுப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கியதில் 50 சதவீதம். இந்தப் போனஸ் 20, 25, 35, 45, 50 என்று ஏறும், கிளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு விழும். புதுப்பிக்காமல் 90 நாளுக்கு மேல் விட்டாலும் போய்விடும், ஆனால் இந்தப் பாலிசி ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் தொடர்ந்திருக்கிறது. போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஓனருக்குச் சொந்தம். ஓனர் மாறியிருந்தால் 0 வந்ததில் அர்த்தம் இல்லை. இங்கே பெயர் மாறவில்லை. ஆகவே 2024 ஆகஸ்டுக்கும் 2025 ஆகஸ்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கிளெய்ம். மோதியதா, நனைந்ததா என்பதை வண்டிதான் சொல்ல வேண்டும்.

சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டது போனவுடன் செய்த முதல் வேலை. ஹேண்டில் கழுத்தில், மேலே ஒயர் கட்டு மறைக்கும் இடத்தில் அடித்திருக்கும். டார்ச் அடித்து, துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். 17 இலக்கத்தில் பத்தாவது எழுத்து ஜே, அதாவது 2018. கே என்றால் 2019, எல் என்றால் 2020. எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருந்தது, சுற்றிலும் கிரைண்டர் தடம் இல்லை, பெயின்ட் மாறவில்லை. திருட்டு வண்டிச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

முதல் ஸ்டார்ட்

சைலன்சரில் புறங்கையை வைத்துப் பார்த்ததில் ஜில்லென்று இருந்தது, கேட்டுக்கொண்டபடியே வைத்திருந்தார். சாவி போடாமல் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓர் இடத்தில் கால் தடைபட வேண்டும். அதுதான் கம்ப்ரஷன். இங்கே தடை கெட்டியாக இருந்தது, ரிங்-பிஸ்டன் பக்கம் நல்ல சகுனம்.

செல்ஃப் போட்டதும் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு விநாடி இழுத்து இழுத்துச் சுற்றியது. சோக் இழுத்து இரண்டாம் முறையில் பிடித்தது. புகை வெள்ளை, அரை நிமிடத்தில் நின்றது. அது வெறும் நீராவி. நீலம் வந்திருந்தால் எப்போது வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நின்றால் வால்வ் சீல், சில நூறு ரூபாய்ப் பொருள், கூலிதான் அதிகம். ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போர், அதாவது எஞ்சின் மேல்பாதியைப் பிரிக்கும் வேலை. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போகிறது என்பதற்கு, பெரும்பாலும் ஏர் ஃபில்டரிலோ கார்புரேட்டரிலோ முடிந்துவிடும்.

சத்தத்தில் மேலிருந்து வரும் 'டிக் டிக்' டேப்பட், அதாவது வால்வை அழுத்தும் பாகம். அதற்குப் பயப்பட வேண்டாம், கொஞ்சம் சத்தம் போடும் டேப்பட் சத்தமே போடாத இறுக்கமான டேப்பட்டைவிட மேல். இடது பக்கம் சரசரப்பு வந்தால் டைமிங் செயின். இந்த வண்டியில் இரண்டும் அளவோடு இருந்தன. கீழ்ப்பகுதியில் மட்டும், ஐடிலில் கேட்காமல், 3,000 ஆர்.பி.எம். தாண்டும்போது மெல்லிய ஊளை ஒன்று வந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடிக்கூடு) வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் அழுத்திக் கேட்டால் தெளிவாகக் கேட்டது. கிராங்க் பேரிங்காக இருக்கலாம். பிரிக்காமல் உறுதி சொல்ல முடியாத விஷயம் இது ஒன்றுதான்.

ஆயில் புத்தம் புதுசு, தேன் நிறம். விற்பதற்கு முந்தின நாள் ஆயில் மாற்றுவது ஊர் வழக்கம், அது நற்சான்றிதழ் ஆகாது. பார்க்க வேண்டியது ஆயில் மூடியின் உள்பக்கம். அங்கே காபி நுரை மாதிரிப் பழுப்புப் பசை மெல்லிய வளையமாக ஒட்டியிருந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்தால் வருவது. குறைந்த தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் கொஞ்சம் இப்படிச் சேரும்தான். செப்டம்பர் வெயிலில், புது ஆயில் ஊற்றிய பிறகும் இருந்தால் பழைய கறை.

ஒத்துவராத வயதுகள்

21,870 கி.மீ. ஓடிய வண்டியில் என்ன இருக்க வேண்டும்? முன் டயர் கம்பெனியில் வந்ததாகவே இருக்கலாம், பின் டயர் ஒருமுறை மாறியிருக்கும். செயின் ஸ்பிராக்கெட் செட் முதலாவது ஓய்ந்து இரண்டாவது புதிதாக இருக்கும், அல்லது முதலாவதே கடைசி மூச்சில் இருக்கும். டிஸ்க் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும்.

கண்டது இது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம். முன்னால் 3122, பின்னால் 0524. முன் டயரே 2022-இல் மாறியிருக்கிறது. கியர் லீவர் ரப்பரில் கோடுகள் முற்றாகத் தேய்ந்து வழவழப்பு. ஃபுட்ரெஸ்ட் ரப்பரில் இடது பக்கம் உள்ளே இருக்கும் இரும்பு எட்டிப் பார்த்தது. ஹேண்டில் கிரிப் மட்டும் புதுசு, 120 ரூபாய்ச் சமாச்சாரம், விற்பவர்கள் மறக்காமல் மாற்றுவது அதைத்தான். டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் மேடு தட்டியது. வெர்னியர் வைத்ததில், டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு 0.2 மி.மீ.தான் பாக்கி. மூன்றும் சேர்ந்து நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதைச் சொல்லின.

மீட்டர் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ஏழு வருட வெயிலுக்கு வைசர் பிளாஸ்டிக் வெளிறியிருக்க, அதற்குள் உட்கார்ந்திருக்கும் மீட்டர் மட்டும் வெளிறவில்லை. டூமை (ஹெட்லைட்டைச் சுற்றிய கூடு) பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து, மீட்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் வெள்ளையாக இருந்தன. இந்த மாடலில் ஓடிய தூரம் மீட்டருக்குள்ளேயே பதிவாகிறது. வேறு வண்டியின் மீட்டரைக் கழற்றி மாட்டினால் அந்த வண்டியின் கிலோமீட்டரும் கூடவே வரும்.

பக்கப் பேனலைக் கழற்றியபோது உள்பக்கம் ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒன்று, பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கடைப் பெயர் போய்விட்டது, தேதி போய்விட்டது. 'அடுத்த சர்வீஸ்' என்ற இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய 41,500 மட்டும் வாசிக்க முடிந்தது. விற்பவரிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "மீட்டர் ஃபால்ட் ஆச்சுன்னு அந்தண்ண மாத்தினாராம், நான் வாங்கும்போதே இதான் இருந்துச்சு" என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. மீட்டர் மாறியது குற்றமல்ல, மாறியதைச் சொல்லாததுதான் குற்றம், அதையும் அவர் தெரிந்து செய்தாரா என்பது வண்டியின் ஆயுளுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. நமக்கு வேண்டியது ஒன்றே: நல்ல மீட்டர் ஏன் செத்தது?

தண்ணீர் எங்கே தன் அடையாளத்தை விட்டுப்போகும்

முங்கிய வண்டியைக் கழுவுகிறவர் கை போகும் இடங்களைத்தான் கழுவுவார். கை போகாத இடங்களைப் பார்க்க வேண்டும். சீட்டைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் ரெக்சினை இழுத்துப் பிடிக்கும் ஸ்டேப்பிள் பின்கள் வரிசையாக இருக்கும். மழையில் நனைகிற வண்டியில் ஓரப் பின்கள் மட்டும் துருப்பிடிக்கும். இங்கே எல்லாமே காவி நிறம். சீட்டின் மூலையில் டிஷ்யூ பேப்பரை வைத்துக் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தினால் ஸ்பாஞ்சுக்குள் மண் தங்கியிருந்தால் மஞ்சள் கறை வரும். இங்கே வந்தது.

ஹாரனைக் கையில் தட்டினால் பொடி உதிர்ந்தது. ஏர் ஃபில்டர் புதுசு, ஆனால் அது உட்காரும் பெட்டியின் அடிமூலையில் காய்ந்த வண்டல் சிப்பிச் சிப்பியாக வெடித்திருந்தது, குளம் வற்றிய பிறகு தரை வெடிக்குமே அந்த மாதிரி, சிறிய அளவில். தூசி இப்படிப் படியாது. தண்ணீரில் கரைந்து வந்த மண் நின்று காய்ந்தால்தான் இப்படிப் படியும். ஏர் பெட்டி வரை தண்ணீர் வந்திருக்கிறது என்றால் எஞ்சின் முழுக்க முங்கியிருக்கிறது. டூமைக் கழற்றியபோது அதன் அடியிலும் அதே வண்டல், ஒயர் கனெக்டர்களின் செம்பு பச்சை பூத்திருந்தது. அங்கே இரண்டு இடத்தில் புது இன்சுலேஷன் டேப். மீட்டர் செத்ததற்குக் காரணம் இதற்கு மேல் தேட வேண்டாம்.

பெட்ரோல் டேங்குக்குள் டார்ச் அடித்ததில் மேல்பகுதியில் துருப்புள்ளிகள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு டிரெய்ன் ஸ்க்ரூ உண்டு. அதன் கீழே கண்ணாடி ஊறுகாய் பாட்டிலைப் பிடித்து ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நாலைந்து ஸ்பூன் பெட்ரோல் இறங்கும். தண்ணீர் இருந்தால் பாட்டிலைச் சாய்க்கும்போது அடியில் பாதரசம் போல உருண்டை தனியாக ஓடும். இந்த வண்டியில் உருண்டை இல்லை, செங்கல் பொடி போல நாலு துகள் மட்டும் சுழன்று அமர்ந்தது. உருண்டை இல்லாததால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அளவு மீறினால்தான் பிரிந்து அடியில் நிற்கும். ஐந்தாறு வருடத்துக்கு முன் வேலை செய்த பாட்டில் சோதனை இன்றைக்குப் பாதிதான் சொல்லும். துகள் சொன்னது போதும், டேங்கின் துரு கார்புரேட்டர் வரை வருகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டில் ஒன்று அடைத்தால் இரவு பத்து மணிக்கு ஆலப்பாக்கம் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

தண்ணீரில் நின்ற எஞ்சினின் நோய் அன்றைக்கே தெரியாது. கிராங்க் பேரிங்கின் குண்டுகளிலும் தடத்திலும் புள்ளித் துரு விழும். ஆயில் மாற்றி ஓட்டினால் வண்டி ஓடும். அந்தப் புள்ளிகள் மெல்ல உரிந்து, இரண்டு மூவாயிரம் கிலோமீட்டரில் ஊளையாக வெளிவரும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்.

முன்பக்கமும் பிரேக்கும்

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவர் அமுக்க முன்சக்கரம் மேலே எழும். ஹேண்டிலை இரண்டு விரலால் மட்டும் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். நேராக வரும் இடத்தில் 'கொட்' என்று பள்ளத்தில் விழுந்த மாதிரிப் பிடித்தது. ஹேண்டில் கழுத்துப் பேரிங்கான கோன் செட்டின் தடத்தில் குண்டுகள் குழி போட்டுவிட்டன. இதோடு ஓட்டினால் வண்டி நேர்க்கோட்டில் போகாமல் லேசாக அலையும். முன் ஷாக்கின் ஃபோர்க் கம்பியில் துருக்குழிகள், அதுவும் சீல் மேலும் கீழும் போகும் பகுதியிலேயே. நகம் மாட்டுகிறது. இப்படி இருந்தால் எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் ஒரு மாதத்தில் கிழிந்து ஒழுகும், கம்பியையே மாற்ற வேண்டும். கடல்காற்று ஊர்களில் நனையாத வண்டிக்கும் இது வரும். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை வண்டிகளில் ஃபோர்க்கைப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஒன்றரைச் சுற்றில் நின்றது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் உள்ளே திரும்பாமல் பேடை உரசிக்கொண்டே இருக்கிறது. பின் டிரம்மில் சுற்றும்போது கரகரப்பு, பேரிங். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆட்டம் இல்லை. செயின் தளர்வு 30 மி.மீ., 25 முதல் 35 வரை இருக்கலாம். ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லில் பாதிக்கு மேல் தெரியக் கூடாது. தெரியவில்லை, செட் புதுசு.

விபத்துத் தடம் தேடியதில் ஒன்றும் சிக்கவில்லை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது முட்டி நிற்கும் ஸ்டாப்பர்கள் நசுங்காமல் இருந்தன. பலமாக மோதிய வண்டியில் முதலில் நசுங்குவது அதுதான், அதை யாரும் சரிசெய்வதும் இல்லை. பின்னால் பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டுப் பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோடு. ஆக அந்த இன்சூரன்ஸ் கிளெய்ம் மோதியதற்கு அல்ல.

300 ரூபாய் மல்டிமீட்டரால் பேட்டரியில் பார்த்தது: நிற்கும்போது 12.2 வோல்ட், 12.6 இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.1, நல்ல பேட்டரியில் பத்துக்குக் கீழே போகாது. 4,000 ஆர்.பி.எம்.மில் 14.1, சார்ஜிங் சரி. பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இரண்டுமே சோர்ந்திருக்கின்றன.

ஓட்டம்

தவளக்குப்பத்திலிருந்து கிருமாம்பாக்கம் தாண்டிக் கன்னியக்கோயில் வரை போய்த் திரும்பியது. ஐந்து நிமிடம் தெருவைச் சுற்றுவது ஓட்டிப் பார்ப்பது ஆகாது, எஞ்சின் முழுச் சூடேற இருபது நிமிடம் வேண்டும். ஐந்தாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கினால் வேகமும் ஆர்.பி.எம்.மும் ஒன்றாக ஏற வேண்டும். ஆர்.பி.எம். மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. இங்கே வழுக்கவில்லை. கியர் எல்லாம் சுத்தமாக விழுந்தது. 60-இல் அந்த ஊளை ஃபுட்ரெஸ்ட் வழியாகக் காலில் தெரிந்தது. கிருமாம்பாக்கத்தில் வேகத்தடைக்கு முன் பிரேக் பிடித்தபோது ஹேண்டில் கழுத்தில் 'டொக்'. நிறுத்திச் சூட்டோடு மறுபடி செல்ஃப் அடித்ததில் மூன்றாம் முறைதான் பிடித்தது. சூட்டில் ஐடில் 1,400 அளவில் நிலையாக நின்றது, அந்த ஒன்றில் வண்டியைப் பாராட்டலாம்.

விலை

கடலூர், புதுச்சேரியில் விசாரித்த விலையில், கூலி சேர்த்து: ஒயரிங் கிட் 3,600. ஃபோர்க் கம்பி இரண்டு, சீல், ஆயில் 4,200. கோன் செட் 1,100. சக்கர பேரிங்குகள், பின் பிரேக் ஷூ 1,500. டிஸ்க்கும் பேடும் 2,300, காலிப்பர் கிட் 600. ஸ்டார்ட்டர் மோட்டார் பிரித்து வேலை 1,200. பேட்டரி 1,700. டேங்க், கார்புரேட்டர் சுத்தம் 800. மொத்தம் 17,000. இவை செய்தே ஆக வேண்டியவை. கிராங்க் பிரித்தால் 10,000. பிரிக்கும் நாள் வருமா வராதா என்று பாதிக்குப் பாதி கணக்கு வைத்தால் 5,000. புதுச்சேரி வண்டியைத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே நம்பர் மாற்ற வேண்டும். படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வண்டியின் வயதுக்குத் தக்க ஆயுள்கால வரி, ஏஜென்ட் கூலி சேர்த்துச் சொன்ன தோராயம் 7,000. புதுச்சேரி வண்டி மலிவு என்று கடலூரில் சொல்கிறவர்கள் கணக்கில் விட்டுவிடுவது இதைத்தான்.

இதே மாடல், இதே வருடம், குறை இல்லாத வண்டி சந்தையில் 52,000 போகிறது என்று வைத்தால், 29,000 கழித்து 23,000. பெருந்தன்மையாக 25,000 கேட்கப்பட்டது. விற்பவர் சிரித்தார், கோபப்படவில்லை. "நாப்பத்து நாலு, அதுக்குக் கீழ இல்ல தம்பி." பேரம் அங்கே நின்றது. பத்தாயிரம் குறைகிறதே என்ற ஆசையில் விழுந்திருந்தால் கையில் 44,000 போயும் வேலை 29,000 பாக்கி, அதாவது புதுச்சேரி நம்பரில் 73,000 ரூபாய்க்கு ஒரு 2018 பல்சர்.

மூன்று வாரம் கழித்து

வாங்கியது பண்ருட்டிப் பக்கத்து டி.என்.-31 வண்டி. அதே மாடல், 2017, மீட்டரில் 46,300. டேங்கில் பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, பார்க்க ஆசையாக இல்லாத வண்டி. கேட்டது 41,000. ஃபுட்ரெஸ்ட் தேய்மானம், டிஸ்க், டயர் தேதி, சீட்டுக்குள் சொருகி வைத்திருந்த சர்வீஸ் பில்கள் எல்லாம் அந்த 46,300-ஐயே சொல்லின. ஏர் பெட்டிக்குள் தூசி, வெறும் தூசி. ஸ்டேப்பிள் பின் வெள்ளை. ஆயில் கறுப்பு, ஓனர் விற்பதற்காக மாற்றவில்லை. குறைகள்: செயின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கியாக வளைந்து செட் ஓய்ந்துவிட்டது, அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டில். முன் டயர் 2018 தேதி, பட்டன் (டயரின் மேடுகள்) இருந்தும் ரப்பர் கல்லாகிவிட்டது, மழையில் பிடிக்காது. டேப்பட் சத்தம். செட் 1,700, டயர் 2,100, டேப்பட்டும் ஆயிலும் 700, சீட் கவர் 350. ஆக 4,850. பேசி முடிந்தது 36,500.

ஒரு சிக்கல் ஆர்.சி.யில் இருந்தது. கடன் 2020-லேயே முடிந்தும் ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு) கேன்சல் பண்ணாமல் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே நின்றது. அது நீங்காமல் பெயர் மாறாது. ஓனர் கடன் முடிந்த கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும், பிறகு படிவம் 29, 30. விற்ற பதினான்கு நாளுக்குள் தகவல் தர வேண்டும், இன்சூரன்ஸையும் அதே பதினான்கு நாளுக்குள் புது ஓனர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ரசீதில் தேதியோடு நேரமும் எழுதப்பட்டது, அன்றைக்கு மாலை நாலரைக்கு முன் விழுந்த சலானுக்குப் பழைய ஓனர் பொறுப்பு, பின் விழுவதற்குப் புதியவர் பொறுப்பு. முதலில் கொடுத்தது 30,000. மீதி 6,500 ஆர்.சி.யில் ஹெச்.பி. வரி நீங்கிய அன்று போனிலேயே அனுப்பப்பட்டது.